எட்டா, பதினாறா

பதினாறே எடுத்துவிடலாம். இல்லை, எட்டு போதும். எட்டு போதும் என்று முடிவு செய்து கையை நீட்டியதும் பதினாறு என்று இன்னொரு குரல் கிளம்புகிறது, அதுவும் என் குரல்தான். கம்ப்யூட்டர் கடை ரியாஸ் இரண்டு டப்பாவையும் கண்ணாடி மேஜைமேல் ஒட்டினாற்போல் வைத்து, "பொறுமையாப் பாருங்கக்கா, ரெண்டும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டுதானுங்க" என்று சொல்லிவிட்டு, பிரிண்டர் கேட்டு வந்த ஒரு வாத்தியாரிடம் போய்விட்டார். ஒரே கார்டு என்றால் எதற்கு இரண்டு டப்பா. ஒரே பெயர், ஒரே நம்பர், ஒரே கறுப்பு, மேலே படத்தில் அதே இரண்டு விசிறிகள். மூலையில் கடுகு சைஸில் ஒன்றில் எட்டு ஜிபி, இன்னொன்றில் பதினாறு ஜிபி. இப்படி ஒரே பெயரை இரண்டுக்கு வைத்தவனை எதிரில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அன்னூரிலிருந்து காந்திபுரம் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே இன்னொரு வீடியோ பார்த்தேன், இதோடு பதினொன்று ஆகிறது. எட்டு வாங்குகிறவன் முட்டாள் என்கிறான் ஒருவன். பதினாறு வாங்குகிறவன்தான் முட்டாள், உள்ளே இருக்கிற சிப்பும் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், இடம் மட்டும்தான் கூட என்கிறான் அடுத்தவன். எப்படிப் பார்த்தாலும் நான் முட்டாள் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. கடையில் ஏசி இருக்கிறது, ஆனால் கழுத்துக்குப் பின்னால் மட்டும் குளிர்கிறது, முன்னால் வேர்க்கிறது. அடுத்த ஞாயிறு இனியாவுக்குச் சீர். வயசுக்கு வந்த பெண்ணை மணைமேல் உட்கார வைத்து, என் தம்பி மாமன் மாலை போட்ட பிறகு, மண்டபத்தின் பெரிய திரையில் அவள் அப்பா நடந்து வர வேண்டும், வந்து அவள் தலைமேல் கை வைத்துச் சிரிக்க வேண்டும். அவள் அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. பார், இங்கேயும் எட்டு.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, இதுதானே என் தொழில். அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மூர்த்தி டிஜிட்டல் என்று போர்டு இருக்கிறதே, அது என் கடை, அதாவது அவருடைய கடை, போர்டை மாற்ற மனசு வரவில்லை. முன்பெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம். இந்த ஒன்றரை வருஷமாக என்னைத் தேடி வருகிறவர்கள் பாதிப்பேர் செத்தவர்களுக்காக வருகிறார்கள். ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டு வருவார்கள், சாமி ரூமில் மாட்டிய படத்தைச் சந்தனப் பொட்டோடு கழற்றிக் கொண்டு வருவார்கள், அக்கா எங்க அப்பா மேடைக்கு நடந்து வர்ற மாதிரி பண்ணிக் குடுங்கக்கா, அரை நிமிஷம் போதும். கம்ப்யூட்டரிடம் போட்டோவைக் கொடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் அது செய்கிறது, நான் செய்வதெல்லாம் செய்ததில் நல்லதைப் பொறுக்குவதுதான். முதல் முதலாக ஒரு அரிசி மில்காரர் மகளுக்குச் செய்தேன். திரையில் அவர் துண்டைச் சரி செய்துகொண்டு வந்ததும் மண்டபத்தில் அவர் சம்சாரம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார், வீட்டுக்காரர் வந்தால் எழுந்திருக்கிற பழக்கம். அந்த வீடியோவை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் எனக்கு ஓய்வில்லை. எல்லோரும் அப்படியே இருக்காருங்கக்கா என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும், புளியம்பட்டிக்காரர், என் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். "அப்பாம்மா, நல்லாப் பாரு" என்றான் மகன். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "சரி" என்றார். அந்தச் சரி இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா என்று மகன் சொன்னால் சரி, மகன் சொன்னால் அப்பாதான், வேறென்ன செய்வார். அதை ஏன் இப்போது நினைக்கிறேன், கார்டைப் பார்க்க வந்தவள் கார்டைப் பார்க்க வேண்டும்.

கார்டு. கம்ப்யூட்டருக்குள் வீடியோ செய்கிற பழைய கார்டு போன வாரம் கருகிய வாசனையோடு நின்றுவிட்டது, ஏதாவது ஒன்று வாங்கியே ஆக வேண்டும். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. வாடிக்கை வேலைக்கு எட்டு போதும், அவர்கள் கேட்கிற அரை நிமிஷ வீடியோ போனிலும் சின்னத் திரையிலும் ஓடுவது, எட்டிலேயே வந்துவிடும். மண்டபத்தில் சுவர் அளவுத் திரையில் ஆளுயரத்துக்கு வர வேண்டுமென்றால்தான் பதினாறு. எட்டில் அதை ஓட்டினால் பாதியில் இடம் பற்றவில்லை என்று நின்றுவிடும், சின்னதாகச் செய்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும், இழுத்தால் முகம் பவுடர் அப்பியது மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஆக பதினாறு மூர்த்திக்கு மட்டும், இனியாவின் அந்த ஒரு நாளுக்கு மட்டும். மூர்த்திக்கு என்றால் வாங்க வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் மூர்த்திக்கு என்று சொன்னதும் எனக்கு மூர்த்தி வரமாட்டேன் என்கிறார். அதுதான் சங்கதி. இதை யாரிடமும் சொன்னதில்லை. புதிதாக ஏதாவது வழி கண்டுபிடித்தால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும், வாடிக்கையாளர் வீட்டுப் போட்டோவை வைத்து விளையாட முடியாது, பாவம், அதனால் மூர்த்தியை வைத்துப் பார்ப்பேன். கல்யாண ஆல்பத்தில் சிரித்தபடி இருக்கிற அந்த ஒரு படம். அவரென்ன வந்து சண்டை போடப் போகிறாரா. நடக்க வைத்தேன், திரும்ப வைத்தேன், கண்ணாடி போட்டுப் பார்த்தேன், நரைக்க வைத்துக்கூடப் பார்த்தேன், வயசானால் இப்படித்தான் இருப்பார் என்று சிரித்துக்கொண்டேன். மூர்த்தி டெஸ்ட் என்று ஒரு ஃபோல்டர், அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு சிரித்திருக்க மாட்டார், கறாரான ஆள். போன மாசம் இனியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அம்மா, அப்பா சத்தமாச் சிரிப்பாரா?" என்று கேட்டாள். சிரிப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவர் முகத்தைக் கூப்பிட்டேன், வந்தது நூற்று நாற்பதாவது டெஸ்ட். நீலச் சட்டை. அவரிடம் நீலச் சட்டையே கிடையாது. அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றைக் கூப்பிட்டேன், அதுவும் டெஸ்ட். சீப்பு அவள் முடியிலேயே மாட்டி நின்றுவிட்டது. வலிக்குதும்மா என்றாள்.

இனியாவுக்கு அப்போது நாலு வயது. எனக்கு அப்பா மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு என்று யாரிடமும் சொல்வாள், என் சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளிடம் இருக்கிற முகத்தின் மேல் நான் செய்கிற முகம் போய் உட்கார்ந்துவிட்டால். சுவர் அளவுக்கு, முந்நூறு பேர் முன்னால், மேளத்தோடு. அதற்கப்புறம் அவளுக்கு அதுதான் அப்பா, சாகிற வரைக்கும். தப்பான ஒருத்தனை அப்பா என்று காட்டிய பாவம் யாரைச் சேரும். எல்லாருக்கும் பண்றியேம்மா, எனக்குப் பண்ண மாட்டியா என்று அவள் எட்டு மாசமாகக் கேட்கிறாள், நானும் எட்டு மாசமாக, கார்டு பத்தாது கண்ணு, நல்ல கார்டு வாங்கினாத்தான் அப்பா நல்லா வருவாரு என்று சொல்லிச் சொல்லித் தள்ளிவிட்டேன். நானே அதை நம்பவும் ஆரம்பித்தேன். சிரிப்பில் ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை, கார்டு சின்னது, அதனால்தான். இப்போது எட்டை வாங்கினால் முகம் தப்பாக வரும், கார்டு மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். பதினாறை வாங்கியும் தப்பாக வந்தால் யார் மேல் போடுவது. அட சனியனே, இதற்குத்தான் அரை மணி நேரமாக நிற்கிறாயா என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. வாத்தியார் பிரிண்டர் வாங்காமலே போய்விட்டார். ரியாஸ் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "குழப்பமா இருந்தா ஒண்ணு பண்ணலாங்கக்கா. எங்க டெமோ சிஸ்டத்துல எட்டு போட்டிருக்கு. ஒரு கம்பெனிக்குச் சாயங்காலம் டெலிவரி குடுக்கறதுல பதினாறு இருக்கு. உங்க ஹார்ட் டிஸ்க்கு கொண்டு வந்திருக்கீங்கல்ல, ஒரே படத்தை ரெண்டுலயும் ஓட்டிப் பார்த்துக்கங்க, கண்ணுக்குத் தெரிஞ்சுரும்." கொண்டு வந்திருக்கிறேன், பையில் எப்போதும் இருக்கும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன்.

எந்தப் படம் என்றார். ஃபோல்டரில் முதலில் இருந்தது அதுதான், ஆல்பம் படம், அதைக் காட்டினேன். "அட, அண்ணன்" என்றார் ரியாஸ். மூர்த்திக்கு இந்தக் கடை பழக்கம், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இங்கேதான் எல்லாம் வாங்குவார், வந்தால் எதிரில் இருக்கிற பேக்கரியில் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் வந்ததில்லை. எட்டில் சின்னதாகச் செய்து பெரிதாக்குகிற மாதிரி, பதினாறில் ஆளுயரத்துக்கு, இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடத் தொடங்கியது. இது முடிய இருபது நிமிஷம் ஆகும். விசிறிகள் சுற்றுகிற சத்தம் ஏறியது, எட்டு கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. கோடு மெல்ல நகர்கிறது, நாற்பது சதவீதம், நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், மஞ்சள் காமாலை, மூன்றே வாரம், கண்ணெல்லாம் மஞ்சள். பார், அது ஞாபகம் இருக்கிறது. கண்ணின் மஞ்சள் ஞாபகம் இருக்கிறது, கைவிரல் நகம் ஞாபகம் இருக்கிறது, லுங்கியை மடித்துக் கட்டுகிற விதம், கேமரா பையைத் தோளில் மாட்டும்போது ஒரு செருமல், எல்லாம் இருக்கிறது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். அறுபது. ஊர் முழுக்கப் போட்டோ எடுத்த மனுஷனுக்குத் தன்னை எடுத்துக்கொள்ள நேரமில்லை, எப்போதும் கேமராவுக்குப் பின்னால், கல்யாண ஆல்பத்தை விட்டால் இரண்டு ஐடி கார்டு போட்டோ, வாயை மூடிக்கொண்டு. யார் கண்டார்கள், இப்படி வேண்டியிருக்கும் என்று. தொண்ணூற்று மூன்று.

முடிந்தது. ரியாஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் தட்டினார். இரண்டு திரையில் இரண்டு மூர்த்தி நடந்து வந்தார்கள், நின்றார்கள், கையைத் தூக்கினார்கள், சிரித்தார்கள். எட்டில் வந்தவர் கொஞ்சம் மழுங்கலாக, கோவில் பொம்மை மாதிரி. பதினாறில் வந்தவருக்குத் தோலில் துளைகள் தெரிந்தன, மோவாயில் தாடி முளைத்த பச்சை தெரிந்தது, கண் ஈரமாக இருந்தது. உயிரோடு ஒருத்தர். பார்த்ததும் என் கை சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டது, ஏனென்றால் அவரை எனக்குத் தெரியாது. எட்டைப் பார்த்து இது அவரில்லை என்று சொல்ல முடியும், பதினாறைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவர்தான் என்று சொல்லவும் இல்லை. இன்னொரு தடவை ஓட்டுங்கள் என்றேன். சிரித்தார்கள். இன்னொரு தடவை. இந்தத் தடவை ரியாஸ் தலையைச் சாய்த்து, இங்கேயும் அங்கேயும் மாறி மாறிப் பார்த்தார். "வித்தியாசம் நல்லாத் தெரியுதுங்கக்கா, பதினாறு சூப்பரா இருக்கு. ஆனா..." என்று நிறுத்தினார். ஆனா என்ன என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்குப் பல்லு இவ்வளவு நேரா இருக்காதுங்களே. முன்னால ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறி இருக்குமில்ல. டீ குடிக்கறப்போ நான் கிண்டல் பண்ணுவேன், அண்ணனுக்கு ஒரு பல்லு டபுள்னு. கையால வாயை மூடிக்குவாரு."

ஏறிய பல். ஆமாம். ஏறிய பல், அந்த வாய், அந்தக் கை. ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான், டீ குடித்தவர் ரியாஸ், அவருக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது. கல்யாணமாகி ஒரு மாசம் இருக்கும், ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை, நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆல்பத்தை எங்களுக்கே அவர் செய்தார். திரையில் அவர் வாயை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பல்லை அழித்து அழித்து நேராக்கினார். "எதுக்குங்க?" என்றேன். "ஊர்ல எல்லாருக்கும் டச்சப் பண்ணறேன், எனக்குப் பண்ணிக்கக் கூடாதா? நமக்குப் பொறக்கற புள்ளைக பார்த்தா அழகா இருக்க வேண்டாமா?" என்றார். எவ்வளவு நல்லா வந்திருக்கிறது பார் என்று மவுசைத் தட்டினார். நானும் நல்லா இருக்குங்க என்றேன். மூலப் படம் எந்த டிஸ்க்கில் போயிற்றோ, எப்போதோ போயிற்று. அவர் திருத்திய அந்தப் படத்திலிருந்துதான் இருநூற்றுப் பன்னிரண்டும். கம்ப்யூட்டர் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, கொடுத்ததைத்தான் சிரிக்க வைத்தது. பதினாறு என்ன, அறுபத்து நாலு போட்டாலும் அந்தப் பல் வராது. "எந்தப் பக்கம் ரியாஸ்?" என்று கேட்டேன். "இடது பக்கம்... இருங்க, எதிர்ல உக்காந்திருப்பாரு, அப்ப எனக்கு இடதுன்னா... இல்லக்கா, சரியாச் சொல்லத் தெரியல" என்றார். தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் நாக்கால் என் பற்களைத் தடவினேன், அங்கே அது எப்படி இருக்கும்.

போன் அடித்தது. இனியாதான். எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன், எடுத்தேன். "அம்மா, வாங்கிட்டியா? பெருசா? அப்பா நல்லா வருவாரா?" வீட்டில் டிவி ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, என் அம்மா ஏதோ அரைக்கிறாள். வருவாரு கண்ணு என்று சொன்னால் முடிந்தது. எதிரில் திரைகளில் இரண்டு மூர்த்தியும் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்கள், ரியாஸ் நிறுத்தி வைத்திருந்தார். "கண்ணு, அப்பாவுக்கு முன்பல்லு ஒண்ணு ஏறியிருக்கும். கடையில ரியாஸ் மாமா இப்பத்தான் சொன்னாரு" என்றேன். "எந்தப் பல்லு?" என்றாள். "தெரியல கண்ணு. எனக்கு மறந்துபோச்சு. பல்லு மட்டுமில்ல. அப்பா மூஞ்சியே எனக்குச் சரியா வர மாட்டேங்குது, நான் பண்ணினதுதான் வருது. தப்பா ஒருத்தரை உனக்குக் காட்டிருவேனோன்னு பயமா இருக்குது." சொல்லிவிட்டேன். கடையில் வைத்து, ரியாஸ் கேட்க, சொல்லிவிட்டேன். டிவி சத்தம் குறைந்தது, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள். "அம்மா" என்றாள். ம் என்றேன். "எனக்கு அப்பா மூஞ்சி ஞாபகமே இல்லம்மா. எப்பவுமே இல்ல. இருக்குன்னு சொன்னா நீ சந்தோசப்படுவியே, அதான் சொல்லிட்டே இருந்தேன்."

எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எத்தனை பேரிடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "அழுவறியா?" என்றாள். இல்லை என்றேன். "பொய்" என்றாள், அவளும் மூக்கை உறிஞ்சினாள். "சீர் அன்னிக்கு அப்பா வர வேண்டாம்மா. தாய்மாமா மாலை போட்டாப் போதும். நீ பக்கத்துல நில்லு." சரி கண்ணு என்றேன். வைத்துவிட்டாள். ரியாஸ் இரண்டு திரையையும் அணைத்துவிட்டு, ஒன்றும் காதில் விழாத மாதிரி டப்பாக்களை என் பக்கம் தள்ளினார், தண்ணீர் பாட்டிலையும் தள்ளினார். குடித்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"எட்டு போதும் ரியாஸ்" என்றேன்.